அடுத்தவர் கதையை எழுதுகிறவர்

விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ஜ் கையால் சாப்பிடுகிறார் என்பது ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஆண்ட்ரூ ஓஹேகனுக்கு எழுதிவைக்க வேண்டிய விஷயமாகப் பட்டிருக்கிறது. லசான்யாவை மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார், சுட்ட உருளைக்கிழங்கையும் ஜாம் புட்டிங்கையும் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார் என்று 2014-ல் வந்த ஒரு நீண்ட கட்டுரையில் சொல்கிறார். நமக்கு இதில் என்ன இருக்கிறது? லசான்யாவைக் கையால் பிசைந்து சாப்பிடத் தயங்காத ஆட்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. "இதெல்லாம் ஒரு குற்றமா" என்று சிரித்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். 25,000 சொற்களுக்கு மேல் ஓடும் அந்தக் கட்டுரையை முடிக்கும்போது சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவர் நம்மை இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தால் நாம் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்றுதான் யோசிக்கத் தோன்றியது.

நடந்தது இதுதான். அரசாங்க ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளம் புகழின் உச்சியில் இருந்தபோது அசாஞ்ஜ் ஜாமீனில் வெளியே வந்து, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் எல்லிங்ஹாம் ஹால் என்ற பெரிய கிராமத்து மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். காலில் மின்னணுப் பட்டை, தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. எடின்பரோவைச் சேர்ந்த கேனன்கேட் பதிப்பகம் அவருடைய சுயசரிதையைப் பெரிய தொகைக்கு வாங்கியிருந்தது. உட்கார்ந்து எழுத அசாஞ்ஜுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே அவருக்காக எழுதித்தர ஓஹேகனைப் பிடித்தார்கள். தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்பது ஓஹேகனின் நிபந்தனை.

2011-ல் மாதக்கணக்கில் பேச்சு, ஒலிப்பதிவு, ராத்திரி முழுக்க விழிப்பு. அரசாங்கங்களின் ரகசியங்களை வெளியே கொட்டிய மனிதர், "உன் கதையைச் சொல்" என்றதும் நழுவுகிறார். மணிக்கணக்கில் எதிரிகளைப் பற்றிப் பேசுகிறார். இணையத்தில் தன்னைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார். எப்படியோ ஓஹேகன் ஒரு வரைவை எழுதி முடித்தார். அசாஞ்ஜ் பின்வாங்கினார். நினைவுக் குறிப்பு எழுதுவதெல்லாம் விபச்சாரம்தான் என்று அவர் சொன்னதாகப் பதிப்பகம் அறிக்கை விட்டது. அதோடு 2011 செப்டம்பரில் அந்த வரைவை அவர் சம்மதம் இல்லாமலேயே அச்சிட்டும் விட்டது. அட்டையில் "அங்கீகாரம் பெறாத சுயசரிதை" என்று போட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்டவரே அங்கீகரிக்காத சுயசரிதை! எந்த நகைச்சுவை எழுத்தாளருக்கும் இப்படி ஒரு தலைப்பு தோன்றியிருக்காது.

அதற்கப்புறம் ஓஹேகன் கொஞ்ச காலம் வாய் திறக்கவில்லை. 2014-ல் லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் எல்லாவற்றையும் எழுதினார். பெயர் போடாமல் எழுதித்தர ஒப்புக்கொண்டவர், பெயர் போட்டு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுதலாமா? அசாஞ்ஜ் மேல் எனக்குப் பெரிய அபிமானம் எதுவும் கிடையாது. ஆனால் லண்டனில் எக்வடார் தூதரகத்தில் ஏழு வருடம், பெல்மார்ஷ் சிறையில் ஐந்து வருடம் என்று அடைந்துகிடந்து 2024 ஜூனில்தான் அவர் வெளியே வந்தார். அதை அறிந்தபின் இன்று அந்தக் கட்டுரையைப் படித்தால் ஜாம் புட்டிங் வரிகள் உறுத்துகின்றன. அதே சமயம் சமகாலத்தில் ஒரு பொது மனிதரைப் பற்றி இவ்வளவு உயிரோடு எழுதப்பட்ட வேறொரு கட்டுரையை நான் படித்ததில்லை. இரண்டும் உண்மைதான்.

ஓஹேகனின் முப்பது வருட எழுத்தை முன்னும் பின்னுமாகப் படித்துப் பார்த்ததில், அவர் சுற்றிச் சுற்றி வருவது ஒரே இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் வாழ்க்கையை எடுத்து எழுத யாருக்கு என்ன உரிமை? ஆள் இல்லாதபோது, அதாவது செத்துப்போனவரை, காணாமல் போனவரை, கற்பனை மனிதரை எழுதும்போது, அவர் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொள்கிறார். ஆள் எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் சில சமயம் கேட்க விட்டுப்போகிறது.

கிளாஸ்கோவில் 1968-ல் பிறந்தவர். ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தச்சர், அம்மா பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். வளர்ந்தது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஏர்ஷயர் பகுதியின் கில்வின்னிங் என்ற சிற்றூரில். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்ததும் அதே ஏர்ஷயர் என்பதில் ஓஹேகனுக்குப் பெருமை உண்டு, பர்ன்ஸ் கவிதைகளைத் தொகுத்து ஒரு நூலும் கொண்டுவந்திருக்கிறார். அப்பா குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர். புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்த பையன் இவர். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு லண்டனுக்குப் போனார். போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றின் பத்திரிகையில் கொஞ்ச நாள் வேலை. 1991-ல் லண்டன் ரிவ்யூவில் சேர்ந்தார். ஒரு கட்டுரைக்கு முப்பதாயிரம் சொற்கள் ஆனாலும் முகம் சுளிக்காத பத்திரிகை அது. ஓஹேகன் கட்டுரையாளராக வளர்ந்ததற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம் என்பேன்.

அவர் வளர்ந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைக்கச் சுற்றுப்புறத்தில் புது நகரங்களைக் கட்டினார்கள். 1966-ல் அறிவிக்கப்பட்ட இர்வின் அவற்றில் ஒன்று, கில்வின்னிங்கும் அதன் எல்லைக்குள் வந்தது. எங்கே பார்த்தாலும் பாதி கட்டிய வீடு, மணல் மேடு, தோண்டிப்போட்ட பள்ளம். 1976-ல் அங்கே ஒரு மூன்று வயதுப் பையன் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் காணாமல் போனான். கடைசி வரை கிடைக்கவில்லை. அப்போது ஓஹேகனுக்கு ஏழெட்டு வயது. தானும் அதே மாதிரிப் பள்ளங்களில் விளையாடித் திரிந்தவன்தானே என்ற திகில் அவரை விடவில்லை.

1995-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் "தி மிஸ்ஸிங்" அந்தத் திகிலிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் கடலோடு போய்விட்ட சொந்தத் தாத்தாவில் தொடங்குகிறது. அப்புறம் அந்தச் சிறுவன். அப்புறம் காணாமல் போனவர்களின் குடும்பங்கள், தேடுகிற போலீஸ்காரர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்து லண்டன் தெருவில் படுத்துக்கிடக்கும் பிள்ளைகள். காணாமல் போன பெரியவர் ஒருவரை பிரிட்டிஷ் போலீஸ் கண்டுபிடித்தாலும், அவர் வேண்டாம் என்றால் இருக்குமிடத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டார்கள். ஆள் நலமாக இருக்கிறார் என்பதோடு சரி. ஒருவர் வேண்டுமென்றே காணாமல் போகலாம், அது அவர் உரிமை. இந்த நடைமுறை ஓஹேகனை நெடுநேரம் பிடித்துவைக்கிறது.

புத்தகத்தின் கடைசிப் பகுதி குளோஸ்டர் நகரில் நடக்கிறது. 1994-ல் அங்கே ஃப்ரெட் வெஸ்ட், ரோஸ்மேரி வெஸ்ட் தம்பதியின் வீட்டைத் தோண்டியபோது ஒன்பது பேரின் எலும்புகள் கிடைத்தன. பத்திரிகைக்காரர்கள் கூட்டமாகக் கொலைகாரனைப் பின்தொடர்ந்தபோது, இருபத்தாறு வயது ஓஹேகன் அந்தப் பெண்களைப் பின்தொடர்ந்தார். அவர்களில் சிலர் காணாமல் போனதாக யாரும் புகாரே கொடுத்திருக்கவில்லை. எலும்பு கிடைத்த பிறகுதான் இப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதே உலகத்துக்குத் தெரியவருகிறது. தேடப்படாதவர்கள். ஓஹேகனைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்தப் புத்தகத்தைத்தான் நீட்டுவேன்.

இதற்கு முன்பே, 1993-ல், அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். லிவர்பூல் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஜேம்ஸ் பல்கரைப் பத்து வயதுப் பையன்கள் இருவர் கடத்திக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கிய நேரம். "ராட்சசர்கள்" என்று பத்திரிகைகள் அலறின. ஓஹேகன் சத்தம் போடாமல் தன் பால்யத்துக்குப் போனார். தானும் ஒரு தோழியும் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டிய சின்னப் பையன் ஒருவனை வழியில் அடித்ததையும், ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதையும் எழுதினார். பையன்கள் செய்தது சரி என்று ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் நின்றுவிட்ட இடத்தில் அவர்கள் நிற்கவில்லை என்பது மட்டும்தான். இங்கே அவர் எடுத்து வைத்தது தன் வாழ்க்கையை. அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு இன்றும் பலம் இருக்கிறது.

இனி மாடிக் கட்டடங்களுக்கு வருகிறேன். ஓஹேகனின் வாழ்க்கையில் இது விசித்திரமான ஒரு வட்டம்.

போருக்குப் பிந்தைய கிளாஸ்கோவில் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய கல் கட்டடங்கள் நாறிக்கிடந்தன. ஓர் அறையில் ஒரு குடும்பம், மாடிப்படியில் பொதுக் கழிப்பறை. 1960-களில் நகரசபை வானளாவக் கட்ட ஆரம்பித்தது. டேவிட் கிப்சன் என்ற வீட்டுவசதிக் குழுத் தலைவர் இதில் வெறியாக இருந்தார். ஏழைக்குக் குளியலறையும் வெளிச்சமும் சீக்கிரம் கிடைக்க வேண்டும், நிலம் இல்லை, ஆகவே மேலே போ. ரெட் ரோடு கோபுரங்கள் 31 மாடி வரை எழுந்தன. முப்பது நாற்பது வருடத்தில் ஈரம், விரிசல், கல்நார் அச்சம், போதைப்பொருள். இடிக்க ஆரம்பித்தார்கள். 2014-ல் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவின் அங்கமாக ரெட் ரோடு கோபுரங்கள் ஐந்தை வெடிவைத்துத் தகர்ப்பதை நேரலையில் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஜனங்கள் வாழ்ந்த வீடு என்ன வாணவேடிக்கையா என்று எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். இப்படி ஒரு யோசனை இத்தனை ஆட்களைத் தாண்டி மேசை வரை வந்ததே, அதுதான் ஆச்சரியம்.

"அவர் ஃபாதர்ஸ்" நாவல் 1999-ல் வந்தது, புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது. ஹியூ பான் என்ற கிழவர், ஒரு காலத்தில் கிளாஸ்கோவின் கோபுரங்களை எழுப்பிய பெரிய மனிதர், தான் கட்டிய கட்டடம் ஒன்றின் பதினெட்டாவது மாடியில் படுத்துச் செத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா 1915-ல் வாடகை உயர்வுக்கு எதிராகக் கிளாஸ்கோப் பெண்கள் நடத்திய போராட்டத்தில் முன்னால் நின்றவர். அவருடைய மகன் குடிகாரன். பேரன் ஜேமிதான் கதை சொல்கிறான், அவனுடைய தொழில் கட்டடம் இடிப்பது! தாத்தா கட்டியதை இடிக்கிற பேரன், தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வருகிறான். கிழவர் மேல் விசாரணை வேறு நடக்கிறது. அவசரத்தில் மட்டமான பொருட்களைப் போட்டுக் கட்டினாரா, வேண்டியவர்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தாரா என்று.

இந்தக் கதையை இன்னொருவர் எழுதியிருந்தால் கிழவரை வில்லனாக்கியிருப்பார், இல்லையென்றால் தியாகியாக்கியிருப்பார். ஓஹேகன் இரண்டும் செய்யவில்லை. கிழவரின் கனவு உண்மையானது, கட்டடத்தில் வடிகிற ஈரமும் உண்மையானது. ஜேமிக்கு இரண்டும் தெரியும், ஆனாலும் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறான். தாத்தா தன்னைத் தானே எப்படி நினைத்துக்கொள்கிறாரோ அதை அவரிடமிருந்து பிடுங்கலாமா என்று அவனுக்குத் தயக்கம். நாவல் முழுக்க அந்தத் தயக்கம்தான். மொழி சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பாடுகிறது, முதல் நாவல் என்பதால் மன்னித்துவிடலாம்.

பதினெட்டு வருடம் கழித்து, 2017 ஜூன் 14 அதிகாலை, லண்டன் நார்த் கென்சிங்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் எரிந்தது. நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் ஃப்ரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அலுமினியமும் பாலிஎதிலீனும் சேர்ந்த தகடுகளைப் பிடித்துக்கொண்டு உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். இதைப் பற்றி எழுத ஓஹேகனைவிடப் பொருத்தமான ஆள் யார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒரு வருடம் உழைத்து 60,000 சொற்கள் எழுதினார். 2018 ஜூனில் லண்டன் ரிவ்யூவின் ஓர் இதழை அதற்காகவே ஒதுக்கினார்கள்.

முதல் பகுதி அற்புதம். அந்தக் கட்டடத்தில் யார் எந்த மாடியில் இருந்தார்கள், என்ன சமைத்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ராத்திரி யார் யாருக்கு ஃபோன் செய்தார்கள். எண்களாகப் போய்விட்டவர்களை மனிதர்களாகத் திருப்பிக் கொண்டுவருகிறார். "தி மிஸ்ஸிங்" எழுதிய கை அது. அப்புறம் கட்டுரை திசை மாறுகிறது. கென்சிங்டன் நகரசபையின் தலைவர்களோடு அவர் நெருங்கிப் பேசியிருக்கிறார். அவர்களை ஊடகங்களும் போராட்டக்காரர்களும் வேட்டையாடிவிட்டார்கள், தகடு தயாரித்தவர்களையும் கட்டட விதிகளைத் தளர்த்தியவர்களையும் விட்டுவிட்டுக் கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார். குடியிருப்போர் அமைப்பில் இருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் எகத்தாளமாகவே எழுதுகிறார். பெரிய சத்தம் கிளம்பியது. கட்டுரையில் இடம்பெற்றவர்கள் சிலரே தாங்கள் சொன்னது திரிக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டினார்கள்.

எல்லாரும் ஒரே திசையில் கல்லெறியும்போது மறுபக்கம் போய் நின்று பார்க்கிற குணம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. பல்கர் வழக்கில் செய்ததும் அதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே எதிரே இருந்தது செத்துப்போன 72 பேர் மட்டும் இல்லை. பிழைத்தவர்கள் இருந்தார்கள், வாய் இருந்தது, ஆத்திரம் இருந்தது. ஜேமி தன் தாத்தாவிடம் காட்டிய தயக்கத்தில் பாதியையாவது ஓஹேகன் அவர்களிடம் காட்டியிருக்கலாம். 2024 செப்டம்பரில் வந்த பொது விசாரணையின் இறுதி அறிக்கை தகடு தயாரித்த நிறுவனங்களையும் மத்திய அரசையும் கடுமையாகச் சாடியது. அந்த வகையில் ஓஹேகன் கைகாட்டிய திசை தப்பில்லை. ஆனால் அதே அறிக்கை நகரசபையையும் விட்டுவைக்கவில்லை. தீப்பாதுகாப்பில் அக்கறையின்மை, தீக்குப் பிறகு உதவியில் மந்தம் என்று எழுதிவைத்தது. புகார் சொல்லிக் கத்தியவர்கள் வெறுமனே கத்தவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கட்டுரை அவரிடமே இருக்கிறது. 2005 மே 2 அன்று இராக் போரில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பிரிட்டிஷ் சிப்பாய், இன்னொருவர் அமெரிக்கப் போர் விமானி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்தத் தேதி ஒன்றைத் தவிர இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஓஹேகன் இரண்டு குடும்பங்களையும் தேடிப்போய், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, அம்மாக்கள் சொன்னதைக் கேட்டு, இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். போர் சரியா தப்பா என்று ஒரு பிரசங்கமும் இல்லை. எனக்கு அவருடைய கட்டுரைகளில் மிகப் பிடித்தது இதுதான்.

நடுவில் வந்த நாவல்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். "பெர்சனாலிட்டி" (2003), பத்து வயதில் தொலைக்காட்சியில் பாடிப் பிரபலமாகி, பசியின்மை நோயில் உருகி 35 வயதில் இறந்த லீனா சவரோனியின் வாழ்க்கையை நினைவூட்டுவது. "பீ நியர் மி" (2006) ஏர்ஷயர் ஊர் ஒன்றுக்கு வரும் ஆங்கிலேயப் பாதிரியாரின் வீழ்ச்சி. அவர் பார்வையிலேயே கதை போவதால் நாம் எந்த இடத்தில் அவரை நம்புவதை நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் தவிக்கிறோம், நல்ல நாவல். மர்லின் மன்றோவின் நாய் கதை சொல்லும் 2010 நாவலை என்னால் முடிக்க முடியவில்லை. நாய் தத்துவம் பேசுகிறது, கொஞ்ச நேரத்துக்குச் சரி. "தி இல்லூமினேஷன்ஸ்" (2015) நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒரு முதிய புகைப்படக் கலைஞரையும் ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய அவர் பேரனையும் பற்றியது. பாட்டி பகுதிகள் பேரன் பகுதிகளைவிட நூறு மடங்கு மேல்.

2017-ல் "தி சீக்ரெட் லைஃப்" என்று மூன்று நீண்ட கட்டுரைகளைப் புத்தகமாக்கினார். ஒன்று அசாஞ்ஜ். இன்னொன்றில், லண்டன் கல்லறை ஒன்றிலிருந்து 1984-ல் செத்துப்போன ஓர் இளைஞனின் பெயரை எடுத்து, அந்தப் பெயரில் ஃபேஸ்புக் கணக்கு, போலி அடையாள அட்டை எல்லாம் உருவாக்கி, இணையத்தின் இருட்டு மூலைகளில் உலவவிடுகிறார். லண்டன் போலீஸின் உளவாளிகள் இறந்த குழந்தைகளின் பெயர்களைத் திருடி வேஷம் போட்டார்கள் என்ற செய்தியிலிருந்து வந்த யோசனை இது. போலீஸ் செய்தால் அக்கிரமம், எழுத்தாளர் செய்தால் பரிசோதனையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அவரே கட்டுரைக்குள் கேட்டுக்கொள்கிறார், ஆனால் கேட்டுக்கொண்டே செய்கிறார்.

மூன்றாவது, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ தான்தான் என்று சொல்லிக்கொண்ட ஆஸ்திரேலியர் கிரெய்க் ரைட்டின் கதை. அவரைச் சந்தைப்படுத்த நினைத்தவர்களே ஓஹேகனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். ரைட் நிரூபிக்க வேண்டிய நேரத்தில் சொதப்பினார். 2016-ல் கட்டுரை வந்தபோது ஓஹேகன் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. 2024-ல் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது: அவர் சதோஷி இல்லை, ஆவணங்கள் போலி. நீதிமன்றத்துக்கு எட்டு வருடம் ஆன விஷயத்தில் எழுத்தாளர் அவசரப்படாதது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தக் கட்டுரையின் ருசி யார் சதோஷி என்பதில் இல்லை. தான் வேறொருவர் என்று சொல்லிச் சொல்லி, எது தன் முகம் என்றே தெரியாமல்போன ஒரு மனிதர், வியர்த்துக்கொண்டு ஓட்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதில் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள்? கொஞ்சம் ஓரக்கண்ணால்தான். 2002 வாக்கில் ஸ்காட்லாந்தின் பழம்பெருமைப் புலம்பலை வறுத்தெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். லண்டனில் உட்கார்ந்துகொண்டு சொந்த ஊரைத் திட்டுகிறான் பார் என்றார்கள். இந்த வசவு எந்த ஊரிலும் உண்டு. 2017-ல் எடின்பரோ புத்தக விழாவில் பேசும்போது, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு தன் எண்ணம் மாறிவிட்டது, ஸ்காட்லாந்து தனியாகப் போவதே மேல் என்றார். கட்சி மாறியதாகக் கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ அவருடைய நாவல்களைப் படித்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. ஏர்ஷயரை விட்டு அவர் என்றைக்குத்தான் வெளியே வந்தார்?

"மேஃப்ளைஸ்" (2020) முழுக்க முழுக்க ஏர்ஷயர்தான். 1986 கோடை. இர்வின் புது நகரத்துப் பையன்கள் ஒரு கூட்டம், பஸ் பிடித்து மான்செஸ்டருக்குப் போகிறது. ஜி-மெக்ஸ் அரங்கில் ஜூலையில் நடந்த இசை விழாவுக்கு. ஸ்மித்ஸ், நியூ ஆர்டர், தி ஃபால் எல்லாரும் ஒரே மேடையில். ஜிம்மி படிப்பாளி. டல்லி கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவன் அப்பா சுரங்கத் தொழிலாளி, 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் ஒடிந்துபோனவர். பையன்கள் சினிமா வசனங்களில் பேசிக்கொள்கிறார்கள், பாட்டுகளைப் பட்டியல் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள், யாரும் யாரிடமும் நேரடியாக அன்பைச் சொல்வதில்லை. ஊரில் டீக்கடை பெஞ்சில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது.

பாதி நாவலில் சட்டென்று 2017. டல்லி ஃபோன் செய்கிறான். புற்றுநோய், கொஞ்ச நாள்தான். மருத்துவமனையில் இழுத்துக்கொண்டு கிடக்க மாட்டேன், சுவிட்சர்லாந்துக்குப் போய் நானே முடித்துக்கொள்கிறேன், நீ ஏற்பாடு செய் என்கிறான். அப்படிச் சாக உதவுவதை சுவிட்சர்லாந்தில் அனுமதிக்கிறார்கள், பிரிட்டனில் அது சட்டவிரோதம். டல்லியின் மனைவிக்கு அது துரோகமாகப் படுகிறது, கணவனின் கடைசி நாட்களை நண்பன் எடுத்துக்கொண்டு போகிறானே என்று. ஜிம்மி நடுவில் நிற்கிறான். ஓஹேகனின் நெருங்கிய சிநேகிதர் ஒருவர் 2018-ல் புற்றுநோயில் இறந்தார், நாவலுக்கு விதை அங்கிருந்து வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, டல்லி கேட்கிறான் என்பதுதான். அசாஞ்ஜ் கேட்டுவிட்டு மறுத்தார். கல்லறை இளைஞனை யாரும் கேட்கவில்லை. இங்கே ஒருவன் தன் முடிவை எடுத்து நண்பன் கையில் கொடுக்கிறான். கொடுத்தபிறகும் ஜிம்மிக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. மனைவியிடம் மறைப்பதா சொல்வதா என்ற பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிபிசி 2022 டிசம்பரில் இதை இரண்டு பகுதித் தொடராக எடுத்தது, மார்ட்டின் காம்ப்ஸ்டனும் டோனி கர்ரனும் நடித்தார்கள். 1986 பகுதியைச் சுருக்கிவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல். அந்தச் சந்தோஷம் இல்லாவிட்டால் இந்தச் சாவுக்கு என்ன மதிப்பு?

கடைசியாக "கலிடோனியன் ரோடு" (2024). அறுநூறு பக்கத்துக்கு மேல், கிட்டத்தட்ட அறுபது பாத்திரங்கள், முன்பக்கத்திலேயே பாத்திரப் பட்டியல் வேறு. கோவிட்டுக்குப் பிந்தைய லண்டன். ரஷ்யப் பணக்காரர்கள், பிரபுக்கள், ஆள் கடத்துகிறவர்கள், வீட்டுக்காரரால் காலி செய்யவைக்க முடியாத கீழ்த்தளத்துக் குடித்தனக்கார அம்மா ஒருவர். நடுவில் காம்ப்பெல் ஃப்ளின், கிளாஸ்கோவின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து லண்டனில் பெரிய கலை விமர்சகராகிவிட்டவர். பணக்கஷ்டம். ஆண்கள் ஏன் காருக்குள் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுகிறார். தன் பெயரில் போட வெட்கம். ஆகவே ஒரு அழகான இளம் நடிகரைப் பிடித்து, நீதான் எழுதியவன் என்று நிற்கச் சொல்கிறார். நடிகர் நிற்கிறார், அப்புறம் தன் இஷ்டத்துக்குப் பேட்டி கொடுக்க ஆரம்பிக்கிறார்.

எல்லிங்ஹாம் ஹாலில் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தவர் எழுதிய நாவல் என்று தெரிந்து படித்தால் இந்தப் பகுதிகளுக்கு இரட்டை ருசி. இந்தத் தடவை தன் சொற்கள் அடுத்தவன் வாயில் போய் அசிங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எழுதியவர்தான். பணக்காரர்களைக் கிழிக்கும் இடங்களில் ஓஹேகன் குஷியாக இருக்கிறார், ஏழை இளைஞர்கள் வரும் இடங்களில் கொஞ்சம் மேலோட்டம். லண்டன் தெருப் பையன்களின் பேச்சு எனக்குச் செயற்கையாகப் பட்டது. பெரிய புத்தகத்துக்கு நேரம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம். "தி மிஸ்ஸிங்", "மேஃப்ளைஸ்", அப்புறம் அந்த இராக் கட்டுரை. இந்த வரிசையில் படித்துவிட்டு அசாஞ்ஜ் கட்டுரைக்கு வந்தால், அந்த ஜாம் புட்டிங் விஷயத்தில் யார் பக்கம் நிற்பது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம். நான் இப்போதைக்கு அசாஞ்ஜ் பக்கம்.